பாய்ஹே அக்கா முத்திரை குத்தாத தாள்

சோங்ஹோவில் அந்த மெமரித் தொழிற்சாலையில் நான் சேர்ந்த முதல் வாரம். சோதித்து வந்த ரேம் பலகைகளின் முதுகில் வேகச் சீட்டு ஒட்டுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. சீட்டுகள் சுருள் சுருளாக இருக்கும். எல்லாம் வெள்ளை, எல்லாவற்றிலும் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கில எழுத்து. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எங்கள் சீன எழுத்தை வாசிப்பேன், அந்த எழுத்து பிடிபடாது. இரண்டாம் நாளே ஒரு தட்டு முழுக்கத் தப்பாக ஒட்டிவிட்டேன். யார் கண்ணிலும் படுமுன் பாய்ஹே அக்கா அந்தத் தட்டைத் தன் மேசைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் பார்த்தால் ஒவ்வொரு சுருளின் ஓரத்திலும் நகப்பூச்சால் ஒரு பொட்டு. ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு ரோஜா, ஒன்றுக்கு மினுமினுக்கும் வெள்ளி. மற்றவர்கள் என்னவென்று கேட்டார்கள். "எனக்கு வயசாகுது, கண்ணு மங்குது. என் சௌகரியத்துக்குப் போட்டேன்" என்றார் அக்கா. ஒரு சில்லின் கால் சரியாகப் பற்றாமல் இருந்தால் கை நீட்டும் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண் அது. அந்தப் பொட்டுகளைப் பற்றி என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் நன்றி சொல்லாமலேயே இருந்துவிட்டேன்.

அவர் முழுப்பெயர் சுவாங் பாய்ஹே. யுன்லின் பக்கத்து விவசாயக் குடும்பம். பதினாறு வயதில் வேலைக்கு வந்தவர். அப்போதெல்லாம் மெமரி என்றால் சில்லு இல்லையாம். கடுகளவு காந்த வளையங்களை வரிசையாக வைத்து, ஊசியால் செம்புக் கம்பி கோப்பார்களாம். "ஒரு வளையத்துல ஆமா, இல்லைன்னு ஒரே ஒரு சேதிதான் நிக்கும். நாள் முழுக்கக் கோத்தா ஒரு பக்கத்துக் கடுதாசி அளவுகூட வராது" என்பார். அங்கே தொடங்கி, எங்கள் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவுத் தலைவியாக வந்து நின்றார். அவருடைய மேசை இழுப்பறையில் மாட்டுக்கொம்பில் செதுக்கிய சிறு முத்திரை ஒன்று இருக்கும். சோதனைத் தாளில் அந்தச் சிவப்பு முத்திரை விழாமல் ஒரு பெட்டியும் லாரி ஏறாது.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் எங்கள் தெருவில் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சாக இருந்தது. பழைய வகை மெமரியின் வேகம் நூற்று முப்பத்துமூன்றோடு நின்றுவிட்டது. அடுத்து எது? வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகள் ஒரு வகையைத் தூக்கிப் பிடித்தன. அதற்கு விலையும் அதிகம், சூடும் அதிகம். இன்னொன்று இரட்டை நடை வகை. எங்கள் பொறியாளர் தெங்யுவான் எனக்கு அதை நூடுல்ஸ் கடையில் வைத்து விளக்கினான்.

"ஆமியென் அக்கா, தையல் மிஷின் மிதிக்கிறீங்க இல்ல? பழைய மெமரி கால் கீழே போகும்போது மட்டும் ஒரு தையல் போடும். புதுசு, கால் கீழே போகும்போதும் ஒண்ணு, மேலே வரும்போதும் ஒண்ணு. மிதி என்னமோ அதே நூத்தி முப்பத்துமூணுதான். தையல் இருநூத்தி அறுபத்தாறு."

"அப்ப நூல் அறுந்துடாதா?"

"அதைத்தான் பாய்ஹே அக்கா பார்க்கணும்" என்று சிரித்தான்.

பழைய வகைக்கு விலை வாரத்துக்கு வாரம் சரிந்தது. வெய் முதலாளி யோசித்து யோசித்து, கையில் இருந்ததை எல்லாம் போட்டு இரட்டை நடைச் சில்லுகளை வாங்கி இறக்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அதைப் பொருத்துகிற மதர்போர்டு கடைகளில் இன்னும் அவ்வளவாக வரவில்லை என்று. இரண்டு மாதம் பெட்டிகள் அப்படியே கிடந்தன. மே மாதம் ஹாம்பர்க்கிலிருந்து ஒரு வியாபாரி ஆயிரத்து இருநூறு பலகை கேட்டார். எல்லாம் இருநூற்று அறுபத்தாறு. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி லாரியில் ஏறியாக வேண்டும்.

முதலாளி எங்கள் இருபத்தாறு பேரையும் நிற்கவைத்துப் பேசினார். "இது சரியாப் போச்சுன்னா வருஷம் முழுக்க ஆர்டர். போகலேன்னா டிராகன் படகுத் திருவிழாவுக்குள்ள இந்த மாடியைப் பூட்டிடுவேன். ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்லே."

புதன்கிழமை காலையில் சோதனை தொடங்கியது. எங்களிடம் ஒரு வெப்ப அலமாரி இருந்தது. ஆறு தட்டு, தட்டுக்குப் பத்து மதர்போர்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு பலகை. ஐம்பத்தைந்து பாகைச் சூட்டில் நாலு மணி நேரம் ஓடவேண்டும். திரை சிவந்தால் அந்தப் பலகை தோற்றது. எடுத்துச் சிவப்புத் தட்டில் போட்டுவிடுவோம். வியாழன் நண்பகலுக்குள் நானூற்று எண்பது பலகை உள்ளே போய் வந்தன. சிவப்புத் தட்டில் எழுபத்தொன்று.

ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று. பழைய வகையில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டுதான் தோற்கும். பாய்ஹே அக்கா அந்தத் தட்டை இரண்டு தடவை எண்ணினார். வாங்கி வைத்திருந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

முதலாளி வந்தார். தெங்யுவானிடம் ஏதோ கேட்டார். பிறகு அக்காவின் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"பாய்ஹே அக்கா, சூட்டுச் சோதனையை நிறுத்திடலாம். எல்லாத்துக்கும் இருநூத்தி அறுபத்தாறு ஒட்டிடலாம்."

"எழுபத்தொண்ணுக்குமா?"

"கேளுங்க. அந்த ஊர்க் கடையில இருக்கிற போர்டுல முக்காவாசி இருநூறு வேகத்துலதான் ஓடுது. இருநூறுல போட்டா இது எல்லாம் ஓடும், நாலு மணி நேரம் என்ன, நாலு வருஷம் ஓடும். எவனுக்கும் தெரியாது."

"அப்ப இருநூறுன்னு ஒட்டுங்க."

"இருநூறு அவனுக்கு வேண்டாமே!"

"அடுத்த வருஷம் அவங்க வேகமான போர்டு வாங்கிப் போடுவாங்க முதலாளி. அன்னைக்கு ஒரு புள்ள பரீட்சைக்கு எழுதினது பூராவும் அப்படியே அணைஞ்சு போகும். சீட்டுல நம்ம பேரு இருக்கும்."

"அடுத்த வருஷம் வரைக்கும் நாம இருக்கணுமா வேண்டாமா?" அவர் குரல் உயர்ந்துவிட்டது. கோபம் வந்தால் 'அக்கா' போய்விடும். "பாய்ஹே! இருபத்தாறு குடும்பம். நீ ஒருத்தி முத்திரையைக் கையில வச்சுக்கிட்டு இருபத்தாறு குடும்பத்தையும் தெருவுல நிறுத்தப் போறியா?"

சில்லு பொருத்துகிறவர்கள் தலையைத் தூக்கவில்லை. ஆனால் யாருடைய கையும் அசையவில்லை.

"சோதிச்சதுக்குக் குத்தறேன். சோதிக்காததுக்கு முடியாது" என்றார் அக்கா. குரல் அவ்வளவு மெதுவாக வந்தது.

முதலாளி திரும்பி லிஃப்ட் பக்கம் நடந்தார். அங்கேதான் எங்கள் நிலத்தெய்வத்தின் பூஜை மாடம். மாதம் இரண்டாம் நாளும் பதினாறாம் நாளும் நான்தான் பழம், டீ எல்லாம் எடுத்து வைப்பேன். முதலாளி ஊதுபத்தி மூன்று ஏற்றி, கண்ணை மூடி முணுமுணுத்து, குறி கேட்கிற சிவப்புப் பிறைக்கட்டை இரண்டையும் கூப்பிய கைக்குள்ளிருந்து தரையில் விட்டார். ஒன்று தட்டைப் பக்கம், ஒன்று குமிழ்ப் பக்கம். சம்மதம். பொறுக்கி மறுபடி விட்டார். சம்மதம். மூன்றாம் தடவையும் சம்மதம்.

மூன்று தடவை தொடர்ந்து விழுந்தால் அதற்கு மேல் பேச்சில்லை.

"பார்த்தீங்களா!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சாமியே சரிங்கிறார்!"

பாய்ஹே அக்கா எழுந்து வந்து பூஜை மாடத்தைக் கும்பிட்டார். "என்ன கேட்டீங்க முதலாளி?"

"சரக்கை அனுப்பலாமான்னு."

"அனுப்பலாம்னு நானும்தான் சொல்றேன். என்ன சீட்டு ஒட்டி அனுப்பலாம்னு கேட்டீங்களா?"

அவர் தரையில் கிடந்த கட்டைகளைப் பார்த்தார்.

"கேளுங்க. 'இதெல்லாம் நிஜமாவே இருநூத்தி அறுபத்தாறுதானா'ன்னு கேளுங்க. ஆமான்னு விழுந்தா நான் இப்பவே குத்தறேன்."

முதலாளி கட்டைகளைக் கையில் எடுத்தார். கூப்பினார். உதடு அசையவில்லை. ஊதுபத்திச் சாம்பல் வளைந்து வளைந்து, ஒடிந்து கிண்ணத்தில் விழுந்தது. அப்படியும் அவர் நின்றுகொண்டே இருந்தார். பின்பு கட்டைகளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, எங்கள் யாரையும் பார்க்காமல், "ஏழு மணி வரைக்கும்தான்" என்று சொல்லித் தன் அறைக்குள் போய்விட்டார்.

பல நாள் கழித்து நான் அக்காவிடம் கேட்டேன், "ஆமான்னு விழுந்திருந்தா?"

"குத்தியிருப்பேன். வாய் விட்டாச்சே. அதனாலதான் அவர் கட்டையைத் திருப்பி வைக்கிற வரைக்கும் எனக்குப் பயம்."

அன்று மூன்று மணிக்கு அவர் ஒரு காரியம் செய்தார். தோற்றுப்போன எழுபத்தொன்றையும் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றின் முதுகிலும் காகித நாடா ஒட்டி எண் எழுதினார். அவற்றைக் கீழ் ஐந்து தட்டுகளில் செருகினார். மேல் தட்டில் ஏற்கெனவே தேறிய இருபது பலகைகளைச் செருகினார். எந்த எண் எந்த இடத்தில் என்று நோட்டில் எழுதிக்கொண்டார். அதற்கு முன் நாங்கள் இடம் எழுதியதே இல்லை. பழைய வகை தோற்றால்தானே எழுதுவதற்கு. தோற்றதை எல்லாம் ஒரே தட்டில் கொட்டிவிடுவோம்.

"எதுக்குக்கா தேறினதை மறுபடி போடறீங்க?" என்றான் தெங்யுவான்.

"ஆள் மேல தப்பா, நாற்காலி மேல தப்பான்னு பார்க்கணும்."

நாலு மணி நேரம். நான் சீட்டுச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு மனசுக்குள் வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆறரைக்கு மேல்தட்டில் ஒரு திரை சிவந்தது. அடுத்து இன்னொன்று. ஏழு மணிக்கு மேல்தட்டில் பதினாறு சிவப்பு, அதுவும் முன்பு தேறியவை. கீழே தோற்றவை எழுபத்தொன்றில் எழுபது நன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

அக்கா முக்காலி போட்டு ஏறி மேல்தட்டில் கையை விட்டார். சட்டென்று இழுத்துக்கொண்டார். "அடுப்பு மாதிரி இருக்கு." சூடு காட்டுகிற கருவி மூன்றாம் தட்டில்தான் இருந்தது, அது பாட்டுக்கு ஐம்பத்தைந்து காட்டிக்கொண்டிருந்தது. அக்கா எட்டி அலமாரியின் முதுகுப் பக்கம் தடவினார். காற்றை உள்ளே இழுக்கிற சல்லடையிலிருந்து எதையோ உரித்து எடுத்தார். உறிஞ்சப்பட்டுத் தட்டையாக ஒட்டியிருந்த ஒரு பச்சைப் பொட்டலம்.

மெஷின் மக்கர் பண்ணாமல் ஓடட்டும் என்று வைக்கிற, 'சமர்த்தாக இரு' என்று பெயர் போட்டு வருகிற அந்தச் சோளப்பொரிப் பொட்டலம் இல்லாத மெஷின் எங்கள் பக்கம் எங்கே இருக்கிறது? பச்சை மட்டும்தான் வைக்கவேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது, யாரும் தின்னக் கூடாது. பழசுக்குத் தேதி நெருங்கியதென்று திங்கள்கிழமை நான்தான் மாற்றினேன். பெரிய ஆர்டர் ஆயிற்றே என்று ஒன்றுக்கு மூன்றாக அலமாரித் தலையில் வைத்தேன். வைத்த தேதியையும் என் கையெழுத்திலேயே எழுதியிருந்தேன்.

அக்கா அதைத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். அப்போதே முதலாளி வந்துவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"காத்து வழி அடைச்சிருந்துச்சு. எடுத்தாச்சு. பலகை மேல குத்தமில்லே."

"எது அடைச்சுது?"

"என் பிரிவு அலமாரி. நான் பார்த்திருக்கணும்."

என்னால் தாங்க முடியவில்லை. "முதலாளி, நான் வச்ச பச்சைப் பொட்டலம்தான். பின்னாடி சரிஞ்சு விழுந்திருக்கு. என் தப்பு." அழுகை வந்துவிட்டது.

அவர் என்னையும் அக்காவின் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு நாளா நம்ம மெஷின் கழுத்தை நெரிச்சுக்கிட்டிருந்தது சமர்த்துப் பொட்டலமா?"

அந்த வாரத்தில் முதல் தடவையாகத் தெங்யுவான் சிரித்தான். முதலாளிக்கும் சிரிப்பில் வாய் கோணியது. "ஆமியென், இனிமே முன்னாடி வை. மெஷின் கண்ணுக்குத் தெரியற மாதிரி. அதோட கழுத்துல கட்டிவிடாதே." பிறகு பெருமூச்சு விட்டு, "அப்ப எல்லாம் நல்ல சரக்குதான். பாய்ஹே அக்கா, குத்துங்க" என்றார்.

"இன்னும் பாதிக்கு மேல அலமாரியையே பார்க்கலே முதலாளி."

அவர் தடுக்கவில்லை.

தெங்யுவானும் இன்னும் இரண்டு பேரும் இரவெல்லாம் முறை வைத்து ஓட்டினார்கள். தோற்ற பதினாறையும் மறுபடி உள்ளே போட்டார்கள். வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு நாலாவது சுற்று முடிந்தது. அதற்கு மேல் ஒரு சுற்று ஓட்டினால் ஆறு மணி ஆகிவிடும், லாரி நாலுக்கு. தேறியது தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு. தோற்றது ஆறு. அலமாரிக்குள் போகாதது இருநூற்று ஐம்பத்தாறு.

மூன்று மணிக்கே லாரிக்காரர் கீழிருந்து ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார்.

முதலாளி ஆயிரத்து இருநூறு என்று அச்சடித்த தாளை அக்காவின் முன் வைத்தார். "நூத்துக்கு ஒண்ணுதான் தோக்குது. இந்த இருநூத்தி ஐம்பத்தாறுல மிஞ்சிப்போனா மூணு. மூணே மூணு பலகை, பாய்ஹே அக்கா!"

"எந்த மூணு?"

"என்ன?"

"எந்த மூணுன்னு காட்டுங்க. எடுத்து வச்சிட்டு மீதிக்குக் குத்தறேன்."

முதலாளியின் கழுத்து நரம்பு புடைத்தது. "கீழே முத்திரைக் கடை இருக்கு, தெரியுமில்ல? பத்து நிமிஷத்துல உன் பேர்ல ஒண்ணு வெட்டிக் கொடுப்பான்."

"வெட்டிக்கோங்க" என்றார் அக்கா. "நாளையிலேர்ந்து அந்தப் பேர்ல வேற ஆளும் பார்த்துக்கோங்க."

"ஆமியென்! நீ ஒட்டு!" என்று அவர் என் பக்கம் திரும்பிக் கத்தினார்.

இருநூற்று ஐம்பத்தாறும் என் எதிரில் அடுக்கியிருந்தன. சுருள் என் கையில் இருந்தது. ஒட்டவும் கை வரவில்லை, கீழே வைக்கவும் வரவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. வேறொரு தாளை எடுத்து, பேனாவால் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு என்று எழுதி, முத்திரையை மையில் தொட்டு அழுத்தினார். அதை அச்சடித்த தாளின் பக்கத்தில் வைத்தார். இரண்டு தாள், ஒன்றில் மட்டும் சிவப்பு.

கீழே மறுபடி ஹாரன்.

முதலாளி இரண்டு தாளையும் பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அப்படித் தளர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "தெங்யுவான், ஹாம்பர்க்குக்குப் போன் போடு. நீயே பேசு. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு."

அங்கே காலை ஒன்பது மணி. தெங்யுவான் ஆங்கிலத்தில் பேசினான். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கத்துக் கத்தல் மேசை வரைக்கும் கேட்டது. தெங்யுவானின் காது சிவந்துபோயிருந்தது.

"என்னடா சொல்றான்?" முதலாளி ரகசியக் குரலில் கேட்டார்.

அவன் பொறுங்கள் என்று கையைக் காட்டினான். கடைசியில் ஏதோ சொல்லிப் போனை வைத்தான். "ஏன் குறையுதுன்னு கேட்டார். இன்னும் பார்த்து முடிக்கலேன்னு சொன்னேன். இருக்கிறதை ஏத்தச் சொல்றார். மீதி புதன்கிழமைக்குள்ள. மொத்தத்துக்கும் விலையைக் குறைக்கிறாராம்."

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பெட்டிகள் லாரி ஏறின. அக்கா கழிவறைக்குள் போனவர் அரைமணி நேரம் வெளியே வரவில்லை.

வருஷ ஆர்டர் வந்தது, ஆனால் எதிர்பார்த்ததில் பாதி. டிராகன் படகுத் திருவிழாவுக்கு மாடியைப் பூட்டவில்லை. எட்டுப் பேரை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார் முதலாளி. முழு ஆயிரத்து இருநூறும் அன்று போயிருந்தால் அந்த எட்டுப் பேர் இருந்திருப்பார்களா? எனக்குத் தெரியாது, கடவுளுக்குத்தான் தெரியும். அவர்களில் பற்றவைக்கிற மெய்யு என்பவள் தெருவில் பார்த்தால்கூட அக்காவிடம் பேசமாட்டாள். அக்கா வருஷா வருஷம் அந்தத் திருவிழாவன்று அவள் வீட்டுக் கதவுப்பிடியில் மூங்கிலிலையில் பொதிந்த சோற்றுக் கொத்து ஒன்றைத் தொங்கவிட்டு வருவார். மணி அடிக்கமாட்டார். மறுவருஷம் வேகமான போர்டுகள் எல்லாக் கடையிலும் வந்துவிட்டன, இரட்டை நடைதான் நிலைத்தது. அந்த முதல் சரக்கிலிருந்து ஒரு பலகையாவது திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

முதலாளி அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பிறகு வாயே திறக்கவில்லை. ஆனால் அவர் முன்கூட்டியே எண் அச்சடித்த தாளைக் கொண்டுவருவது அதோடு நின்றது.

இரண்டாயிரத்து எட்டில் பாய்ஹே அக்கா வேலையை விட்டார். பூலிக்கு மேலே மலையில் மகள் வீடு, அங்கே போய்விட்டார். நான் பேருந்து நிலையம் வரைக்கும் கூடப் போனேன். வழியில் சாப்பிட, டீயில் வேகவைத்த முட்டை இரண்டு வாங்கிக் கொடுத்தேன். பேருந்து கிளம்பப் போகிறது, எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்கக்கா" என்றேன்.

படியில் ஒரு காலை வைத்தபடி அவர் கொஞ்சம் யோசித்தார்.

"பண்றேன்னு சொல்லமாட்டேன் ஆமியென். அந்த மலையில சிக்னல் எடுக்குமான்னு நான் பார்த்ததில்லே. எடுத்தா பண்றேன்."